முத்திரைச் சாமியும் மூன்று நகலும்

காலை எட்டு மணிக்கே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. எல்லாம் ஊரை விட்டு வெளிநாட்டுக்குப் படிக்க வந்த பிள்ளைகள். பகலில் வகுப்பு, மாலையில் வேலை, ஓய்வு கிடைத்தால் சாமி. கடையின் பின்னறையில் முத்திரைச் சாமி எழுந்தருளியிருந்தார். பி.ஆர். விண்ணப்பத்தை அவர் ஒரு நிமிடம் தலையில் வைத்துக் கொடுத்தால் போதுமாம், இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிடுமாம்! விண்ணப்பம் போவதோ கம்ப்யூட்டர் வழியாக. கம்ப்யூட்டரைத் தலையில் தூக்கி வைத்தால் சாமிக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பதால் காகித நகல்.

"சாமி தொட்ட ஃபைல் ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆனதில்லையாம்!" என்றான் ஒருவன்.

வாஸ்தவம்தான். ரிஜெக்ட் ஆனவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். வரிசையில் வந்து சாட்சி சொல்ல அவன் எங்கே இருக்கிறான்?

அந்த வரிசையில் நம்ம 'மாவு'ம் நின்றான். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் இயந்திரத்தின் பக்கத்தில் வேலை. எத்தனை முறை குளித்தாலும் காது மடலில் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருக்கும், அதனால் அந்தப் பெயர். வெள்ளிக்கிழமையோடு அவனுடைய மாணவர் விசா முடிகிறது. அதற்குள் விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை வேலை பார்த்துக்கொண்டே தங்கலாம். தவறினால் அவனும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அம்மாவோ, பையன் அங்கேயே செட்டில் ஆகிவிட்டான் என்று சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டாள்.

சாமி ஃபைலைத் தலையில் வைத்தார். கண்ணை மூடினார்.

"ரொட்டி வாசம் வருது. மேனேஜர் குடுத்த லெட்டர்ல ஒரு கையெழுத்து லேசா கலங்கியிருக்கு."

மாவுக்குப் புல்லரித்துவிட்டது. ஃபைலைத் திறக்கவே இல்லையே!

"திங்கக்கிழமை காலை பத்தரைக்கு அனுப்பு. அதுக்கு முன்னால தொட்டா விளங்காது."

"சாமி, பத்தரைன்னா ஊர் நேரமா, இங்கத்து நேரமா?"

சாமி ஒரு கணம் யோசித்தார். "ரெண்டுக்கும் நடுவுல."

நடுக்கடலில் அப்போது என்ன மணியோ, மீனுக்குத்தான் வெளிச்சம். மாவு காணிக்கை வைத்துவிட்டுப் பக்தியோடு வெளியே வந்தான்.

அவனுடைய சித்தி மகள், ஒரு வயது மூத்தவள், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெள்ளிக்கிழமை விசா முடியுது, திங்கக்கிழமை அனுப்பப் போறியா? உனக்கென்ன பைத்தியமாடா?"

"ஃபைலைத் திறக்காமலே சொன்னாருக்கா!"

"அதுக்கு முன்னால அதை யார்கிட்ட குடுத்த?"

"முன்கடையில. மூணு நகல் அங்கதான் எடுக்கணும், வேற கடைக் காகிதம் ஆகாதாம். கடைக்காரர் சாமிக்கு மச்சான்தான்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரைமணி நேரம்."

"மூணு நகலுக்கு அரைமணி நேரமா?"

மாவு விரல்விட்டுக் கணக்குப் பார்த்தான். ஆனால் சாமி சொன்ன நேரத்தை மீற மனசு கேட்கவில்லை. நிஜமாகவே பயந்து போயிருந்தான், பாவம்.

வியாழக்கிழமை அக்கா ஒரு ஃபைலோடு வந்தாள். மச்சானிடம் மூன்று நகல் எடுத்தாள். பொறுமையாகக் காத்திருந்தாள். பின்னறையில் கூட்டம் வாய் பொத்தி நின்றது. சாமி ஃபைலைத் தலையில் வைத்தார்.

"ஆகா! தும்பிக்கை தெரியுது. பெரிய ஜீவனுக்குப் பணிவிடை பண்ற பொண்ணு நீ. தினமும் யானைக்குப் பல் தேய்க்கிற!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அக்கா தன் வேலை அட்டையை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். "நான் பல் தேய்ச்சு விடுறது வயசானவங்களுக்கு. அதுலயும் பாதிப் பேருக்குப் பல் செட்டு. யானை லெட்டர் நானே டைப் அடிச்சது."

சாமி அசரவில்லை. "அது போன ஜென்மம்!"

"போன ஜென்மத்து லெட்டர்ல முந்தாநாள் தேதி எப்படிங்க சாமி வந்துச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் திரைச்சீலையை இழுத்தாள். அங்கே மச்சான் திருட்டுத்தனமாக எடுத்த நாலாவது நகல்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேலே யானை லெட்டர். 'பல் தேய்ப்பவர்' என்ற இடத்தில் மச்சான் சிவப்பில் கோடு வேறு போட்டிருந்தார். சாமி பின்கதவைத் தேடினார். அங்கே இரண்டு பக்தர்கள் கைகட்டி நின்றார்கள்.

மாவு அங்கேயே கைபேசியை எடுத்தான். விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தான். "தம்பி, இப்ப நேரம் சரியில்ல" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். அனுப்பினான். பதிவு எண் வந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டான்.

கூட்டம் கலையும்போது ஒருவர் அக்காவிடம் தயங்கித் தயங்கி வந்தார். விஞ்ஞானத்தில் ஆராய்ச்சிப் படிப்பாம்.

"இவ்வளவு பெரிய ஃப்ராடைப் பிடிச்சிட்டீங்க. உங்க கை ராசியான கைங்க. என் ஃபைலைக் கொஞ்சம் தொட்டுக் குடுங்களேன்?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொடுறேங்க. அதுக்கு முன்னால உங்க தலையைத் தட்டிப் பாருங்க, உள்ள ஏதாவது இருக்கான்னு. இருந்தா, என் கை எதுக்கு?"