‘முருகா’ என்று கத்தியவன் நான்தான்

முப்பத்து நான்கு வருடம் விலங்கியல் நடத்திய ஒருவனுக்குப் பறவையின் பெயர் தெரியவில்லை என்றால், அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் மூடவில்லை. அதன் விளைவைத்தான் எழுதுகிறேன்.

நடந்த இடம் ஓர் ஏரி. பெயரை எழுதப்போவதில்லை. (அந்த ஊர்க்காரர்கள் என்னை இன்னும் மறக்கவில்லை.) திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லையைப் பார்த்துப் போகும் சாலையில் இருக்கிறது. நீருக்குள் கருவேல மரங்கள். மரங்களில் நாரைக் கூடுகள். பறவைகளுக்கென ஒதுக்கப்பட்ட ஏரி என்று வனத்துறை பலகை நட்டிருக்கிறது. பலகையைவிட ஊர்க்கட்டுப்பாடு பலமானது. கூட்டில் முட்டை தெரிந்த நாளிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கும்வரை அங்கே மேளம் இல்லை, வெடி இல்லை, மைக்செட் இல்லை. கல்யாண ஊர்வலம் ஏரிக்கரையைத் தொட்டதும் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பால் வாங்கப் போகிறவர் மாதிரி நடப்பார்.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது அந்த ஊரில். அவள் கணவரை எங்கள் வழக்கப்படி பாவா என்று கூப்பிடுவேன். விசைத்தறி ஓட்டியவர். தறிக்கூடத்துச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அந்தச் சத்தத்துக்குள் வாய்ப்பேச்சு எடுபடாது, கைதான் பேசும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் ‘தறியை நிறுத்து’. ஒரு விரலை மடக்கினால் ‘ஓர் இழை போச்சு’. கையைச் சுழற்றினால் ‘ஓட்டு’. நானும் நெசவு வீட்டில் பிறந்தவன் என்பதால் இந்தப் பேச்சு எனக்கும் வரும். தறியை விட்டபிறகு பாவா ஒரு பழைய பைனாகுலரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையே கதியென்று இருந்தார். ஏழாம் வகுப்போடு நின்றவர். எந்தப் பறவை எந்தக் கிளையில் எத்தனை நாளாக அடைகாக்கிறது என்று சொல்லுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. (பொறாமை என்று அப்போது தெரியாது. வயது அறுபத்தேழுதானே!)

சித்திரை மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். கரையில் நின்று செல்போனில் ஒரு நாரையைப் படம் எடுத்து, ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் ‘செங்கால் நாரை’ என்று போட்டு, கீழே ஒரு பக்கத்துக்கு விளக்கமும் எழுதினேன். படத்தில் தெரிந்தது ஒரு வெள்ளைப் புள்ளி. விளக்கம் மட்டும் தெளிவாக இருந்தது.

அக்கா அதை பாவாவிடம் காட்டிவிட்டாள்.

"இது நத்தகுத்தி, மச்சான்" என்றார். "அலகு நடுவுல சந்து இருக்கும் பாரு. பாக்குவெட்டி மாதிரி."

"பாவா, நான் சுவாலஜி படிச்சவன்."

"ஆங், தெரியும். ஆனா அதுக்குத் தெரியாதே."

அக்கா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கியது. போதாததற்குக் குழுவில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், ‘பக்கத்தில் போய் எடுத்த படம் உண்டா சார்?’ என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வரி என்னை இரவு முழுக்கப் புரட்டிப்போட்டது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு பாவா என்னைக் கரைக்கு அழைத்துப் போனார். அதற்குள் வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வருடம் மழை பிந்தியதால் கூடுகளும் பிந்திவிட்டன. கொளுத்தும் வெயிலில் குஞ்சுகள் மாட்டிக்கொண்டன. ஒவ்வொரு கூட்டிலும் தாய் சிறகை விரித்துக் குடை மாதிரி நின்றது. அதன் நிழலில் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின.

"அசையுதா பாரு? அசையாது. தாய் எழுந்து போச்சுனா அரை மணி நேரம்தான் மச்சான். அதுக்கு மேல குஞ்சு தாங்காது. காக்கா வேற காத்துகினு இருக்குது."

அப்போது சித்திரைத் திருவிழாவுக்காக ஆந்திரப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மஞ்சள் உடுத்திய பாதயாத்திரைக் கூட்டங்கள் திருத்தணிக்கு நடந்துகொண்டிருந்தன. அவர்களுக்கு ஊர்க்கட்டுப்பாடு தெரியாது. அதனால் தினம் ஒருவர் சாலை வளைவில் நின்று, வருகிறவர்களை விவரம் சொல்லிச் சத்தமில்லாமல் கரையைக் கடத்தி விடுவார். அன்றைய முறை பாவாவுடையது.

"ஒரு கூட்டம் வருது. தாட்டி வுட்டுட்டு வரேன்" என்றவர், கரையோரம் நட்டிருந்த கல்லைக் காட்டினார். "இத்தத் தாண்டாத."

"நான் என்ன சின்னப் பிள்ளையா பாவா?"

அவர் தலை மறைந்ததும் தாண்டினேன்.

கோடையில் நீர் வற்றி, கரையை ஒட்டிய மரங்கள் வெறும் சேற்றில் நின்றன. சேற்றின் மேற்பரப்பு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. முதல் மரம் நாற்பது தப்படிதான் இருக்கும். ‘ஈரநிலங்களும் அவற்றின் மண்ணமைப்பும்’ என்று பாடம் நடத்தியவன் நான். மேலே காய்ந்திருந்தால் அடியிலும் காய்ந்திருக்கும் என்று முடிவுக்கு வந்தேன். (மாடு மேய்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.) மரத்தடிக்குப் போய், செல்போனை மேலே நீட்டி, இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தேன். பாளம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. முழங்கால் வரை போனேன். இன்னொரு காலை ஊன்றி ஏறப் பார்த்ததில் இரண்டும் தொடைவரை போயின. செல்போன் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

திருத்தணிக்காரன் வழுக்கினால் என்ன சொல்வான்? படி ஏறினாலும் அதுதான், ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தினாலும் அதுதான். எழுபது பேர் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பழக்கிய தொண்டையில் கத்தினேன்:

"முருகாஆ!"

அந்த நொடியில், பாவா தாட்டி விட்டுக்கொண்டிருந்த நாற்பது பேரும் சரியாக எனக்கு நேர் கரைமேல் நடந்துகொண்டிருந்தார்கள். பம்பையைத் துணியால் மூடி, செருப்பில்லாத கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, பூனை மாதிரி. ஆனால் அவர்கள் மூன்று நாளாக ஒரே வேலையைச் செய்து வந்தவர்கள். யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் பதில் சொல்லுவது. தும்மலை அடக்கலாம், அதை அடக்க முடியாது.

"அரோகரா!"

நாற்பது தொண்டை.

"ஐயோ, வேணாம், முருகா!" என்று கத்தினேன்.

"அரோகரா!" இந்த முறை பம்பையும் சேர்ந்துகொண்டது.

வாயைப் பொத்தினேன். கையெல்லாம் சேறு.

ஏரி எழுந்தது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. எல்லா மரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் நாரைகள் கிளம்பி, சிறகடிப்பில் சருகும் எச்சமும் என் தலையில் கொட்டின. வானத்தில் அவை சுற்றத் தொடங்கியதும் கீழே பயங்கரமான அமைதி. என் தலைக்கு மேலிருந்த கூட்டின் விளிம்பில் மூன்று சின்னத் தலைகள். நேர் வெயில்.

கரைமேல் பாவா நின்றார். திட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்து உள்ளங்கையைத் தாழ்த்தினார். தறிக்கூடத்தையே பார்த்திராத அந்த நாற்பது பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்கள் தாழ்ந்த குரலில் பேசியது வெறிச்சோடிய ஏரியில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வந்த மஞ்சள் சேலை அம்மா கேட்டார்: "யாருங்க அது கூப்ட்டது? சாமி பேர சொன்னா பதில் குடுக்காம போவக் கூடாதுங்களே."

"என் மச்சான். வாத்தியார்."

"சேத்துல இன்னா பண்றாரு?"

"அதான் எனக்கும் தெரில."

ஓர் இளைஞர் வேட்டியை மடித்துக் கட்டினார். "கயிறு போட்டு இழுத்துடலாம் நைனா."

"இழுத்தா கத்துவான். அப்பறம் ஒண்ணுகூட எறங்காது. அவன் மரமா நிக்கட்டும்."

பிறகு என்னைப் பார்த்து உள்ளங்கையைத் தாழ்த்தினார். தன் சட்டையைத் தொட்டுக் காட்டிச் சேற்றைக் காட்டினார். புரிந்தது. நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. சேற்றை அள்ளி மார்பிலும் முகத்திலும் வழுக்கைத் தலையிலும் பூசிக்கொண்டு அசையாமல் நின்றேன். கரைமேல் நாற்பது பேரும் கொதிக்கும் மண்ணில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

கைக்கடிகாரத்தைத் தவிர எனக்குப் பார்க்க ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம். பத்து. தூரத்து மரங்களில் ஒன்றிரண்டு இறங்கின. என் மரத்துக்குரிய தாய் மட்டும் தாழ வரும், என்னைப் பார்க்கும், மேலே போய்விடும். மூக்கு அரித்தது. சேற்றுக்குள் ஏதோ ஒன்று என் கெண்டைக்காலை உரசிக்கொண்டு போனது. (மீன் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை மீன்தான் அது.) பதினைந்து நிமிடம். மேலே மூன்று தலைகளில் ஒன்று, ஆகச் சின்னது, விளிம்பில் சாய்ந்துவிட்டது. என்னுடைய நிழலாவது அதன்மேல் விழாதா என்று பார்த்தேன். என் நிழல் என் காலடியில் சுருங்கிக் கிடந்தது.

இருபதாவது நிமிடம் காக்கை வந்தது.

பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. மரம் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். கூட்டின் விளிம்புக்குத் தத்தியது. தாய் நாரை அப்போதுதான் மறுபடி தாழ்ந்துகொண்டிருந்தது. நான் கையை வீசினால் காக்கை ஓடிவிடும். தாயும் ஓடிவிடும். என் கை தானாக எழுந்தது. கரையைப் பார்த்தேன். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடியே பாவா உள்ளங்கையைத் தாழ்த்தினார். நிறுத்து.

நிறுத்தினேன்.

காக்கை சின்னதைக் கழுத்தில் பிடித்து இழுத்தது. அது சத்தம் போட்டதா என்று எனக்குத் தெரியாது. போடவில்லை என்றே நினைக்கிறேன். காக்கை அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு எதிர்ப்பக்கமாகப் பறந்தது. கிளைகள் மறைத்ததால் கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. நின்று பைனாகுலரில் பார்த்த பாவாவுக்குத் தெரிந்தது. ஒரு விரலை மடக்கினார். ஓர் இழை போச்சு. பிறகு கையை மெல்லச் சுழற்றினார். ஓட்டு.

நான் அழுதேன். சேற்றைப் பூசிய முகத்தில் அது தெரியாது என்பது ஒரு வசதி.

தாய் இறங்கியது. ஒரு நொடி என் தலையைப் பார்த்தது. பிறகு கூட்டில் நின்று இரண்டு சிறகையும் விரித்தது. கீழேயிருந்து பார்த்தேன். அலகின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக வானம் தெரிந்தது. பாக்குவெட்டியேதான்.

கரைமேல் நாற்பது பேரும் தலைக்குமேல் கை குவித்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எல்லாப் பறவைகளும் அடங்கி ஒரு மணி நேரம் கழித்தே என்னை எடுத்தார்கள். ஊர்க்காரர் இருவர் பலகையில் குப்புறப் படுத்து, தவழ்ந்து வந்து, அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். நான் கத்தவில்லை. கரை ஏறியபோது மஞ்சள் சேலை அம்மா இன்னும் போகாமல் நின்றிருந்தார்.

"மலை ஏறும்போது உங்களுக்கும் சேத்து நானே கூப்ட்டுடறேன் சார்" என்றார் ரகசியக் குரலில். "நீங்க கூப்ட வேணாம்."

அன்று மாலை அக்காவின் செல்போனை வாங்கி, கணக்கு வாத்தியாருக்கு ஒரு வரி அனுப்பினேன்: ‘அது நத்தைகுத்தி நாரை. தவறு என்னுடையது.’ அவர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார்.

இப்போது எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், பந்தியில் இரண்டாவது முறை சாம்பார் வருவதற்குள் அக்கா தொடங்கிவிடுவாள். "எங்க தம்பி ஒரு தபா ரெண்டு மணி நேரம் மரமா நின்னான். பொறந்ததுலேந்து அவன் பேசாம இருந்தது அந்த ரெண்டு மணி நேரம்தான்!" ஊரே சிரிக்கும். காக்கை என் தலையில் கூடு கட்டப் பார்த்தது என்றுகூட இப்போது சேர்த்திருக்கிறாள். கடைசியில் யாராவது, பெரும்பாலும் புதிதாக வந்த மருமகள்கள், கேட்பார்கள்: "அப்பறம் குஞ்சுங்க இன்னா ஆச்சு?"

அக்கா முந்துவதற்குள் பாவா சொல்லுவார்: "மூணும் பறந்துச்சும்மா."

சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டார். ஒரு முறை நான் "இல்ல பாவா..." என்று ஆரம்பித்தேன். "சாப்டு மச்சான், ஆறிப்போவுது" என்று இலையில் அப்பளம் வைத்தார். நானும் எல்லாரோடும் சிரித்துவிட்டுச் சாப்பிட்டேன். இத்தனை வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

அந்தக் கூட்டுக் குஞ்சுகள் பறக்கும் பருவத்தில் ஒரு நாள் நான் தனியாகப் போய்க் கரைமேல் நின்று பார்த்தேன். கல்லைத் தாண்டவில்லை. வெகுநேரம் நின்று, ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணினேன்.

இரண்டுதான் பறந்தன.