எச்சரிக்கை: முதலை உள்ளது

குளத்தங்கரையில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். பலகைக்காரர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். போன ஞாயிறுவரை அங்கே வருகிற ஒரே மனிதர் அவர்தான்.

ஊருக்கு வெளியே, முட்புதர்களைத் தாண்டி நாலு கிலோமீட்டர் நடந்தால் அந்தக் குளம். பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு விடிந்தால் அவர் அங்கே இருப்பார். ஒரு பாறைமேல் உட்கார்ந்து பத்து மணிவரை சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். நாணல் ஓரமாகக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போகும் காட்டு வாத்து, கல் விழுந்த மாதிரி தண்ணீரில் பாயும் மீன்கொத்தி, பேர் தெரியாத நீலத் தும்பிகள். வாரத்தில் ஆறு நாள் பெயின்ட் வாசனையில் குனிந்து 'வண்டி நிறுத்தாதீர்', 'வரிசையில் வரவும்' என்று பலகை எழுதிப் பிழைக்கிறவருக்கு, எழுத்தே இல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது.

இப்போது அங்கே பாட்டு அலறியது. ஒருவர் பைக்கைத் தண்ணீருக்குள் இறக்கி, சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல சோப்பு போடாதீங்க. வாத்து இருக்கு," என்றார் பலகைக்காரர்.

"உங்க குளமா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? வாத்து வந்து சொல்லட்டும்."

வீட்டுக்குத் திரும்பியதும் காரணம் தெரிந்தது. போன வாரம் மனைவியின் தம்பியைக் கூட்டிப் போனதுதான் வினை. டாக்டர் அவனை நடக்கச் சொல்லியிருந்தார். "நீங்க போறப்ப அவனையும் இழுத்துக்கிட்டுப் போங்களேன்" என்று மனைவி ஒரு மாதமாக நச்சரித்திருந்தாள். மச்சான் அன்றைக்கு நடந்ததைவிட போனில் படம் எடுத்ததுதான் அதிகம்.

"'யாருக்கும் தெரியாத குளம்'னு போட்டேன் மாமா. நாப்பதாயிரம் பேர் பார்த்துட்டாங்க."

"நாப்பதாயிரம் பேருக்குத் தெரிஞ்சா, அது எப்படிடா யாருக்கும் தெரியாத குளம்?"

"அது தலைப்பு மாமா. அப்படிப் போட்டாத்தான் பார்ப்பாங்க."

"முதல்ல அதை எடு."

"எடுத்தா, எதையோ மறைக்கிறாங்கன்னு இன்னும் நாலு பேர் தேடிக்கிட்டு வருவாங்க."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஒரு குளத்துக்கு இவ்வளவு கோபம். எனக்காக என்னைக்காவது இப்படிக் கோபப்பட்டிருக்கீங்களா?"

அவர் எழுந்து வாசல் திண்ணைக்குப் போய் உட்கார்ந்தார்.

பலகைக்காரருக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் பலகை. திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்து, 'இங்கே குப்பை போடாதீர்கள்' என்று எழுதினார். கொண்டுபோய்க் கரையில் நட்டார்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தபோது, கரையெங்கும் சிதறிக் கிடந்த குப்பையைக் காணோம். மொத்தமும் பலகைக்கு அடியில் குவிந்திருந்தது. ஓர் அம்மாள் மிச்சம் மீதியைப் பையில் கட்டி, பலகையின் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"போடாதீங்கன்னு எழுதியிருக்கும்மா."

"எல்லாரும் இங்கதானே போட்டிருக்காங்க? நான் மட்டும் கண்ட இடத்துல போடவா?" என்று கேட்டாள். தான் ஒழுங்கானவள் என்ற பெருமை அவள் முகத்தில் தெரிந்தது.

இரண்டாவது பலகையில், 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று எழுதினார். அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. மச்சான் அதையும் விடவில்லை. 'தடை செய்யப்பட்ட குளம்' என்று தலைப்புக் கொடுத்தான். கூட்டம் நூறைத் தாண்டியது. வாத்துக்குஞ்சுகள் ஏழில் நாலைக் காணவில்லை.

மறுநாள் பலகைக்காரர் கடைக்கதவைப் பாதி சாத்திக்கொண்டு மூன்றாவது பலகையை எழுதினார். மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, மூலையில் பிளந்த வாய், அடியில் ஒரு கோப்பு எண். வன அலுவலகத்துக்குப் பத்து வருஷமாகப் பலகை எழுதிக் கொடுப்பவர் அவர்தான். யோசிக்க வேண்டிய அவசியமில்லாமல் கை தானாகப் போயிற்று.

'எச்சரிக்கை: இக்குளத்தில் முதலை உள்ளது.'

அந்த ஞாயிறு குளத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஈயும் காக்கையும் இருந்தன, மனிதர்கள்தான் இல்லை. வெயில் ஏறியதும் வாத்து மூன்று குஞ்சுகளோடு நாணலைவிட்டு வெளியே வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பொய் இவ்வளவு நிம்மதி தரும் என்று அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அதற்கடுத்த ஞாயிறு ஐந்நூறு பேர் வந்தார்கள்.

ஐஸ்கிரீம் வண்டி வந்திருந்தது. பைனாக்குலரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். முதலையை வெளியே வரவழைக்க ஒருவர் உயிர்க்கோழியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் வீசிக்கொண்டிருந்தார். பாறைமேல், அவருடைய இடத்தில், மச்சான் நின்று யாருக்கோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நேருக்கு நேர் பார்த்துச்சு. கண்ணை இமைக்கவே இல்ல."

பலகைக்காரர் அவனைத் தனியே இழுத்துப் போனார். "உன்னை எப்படா முதலை பார்த்துச்சு?"

"போர்டு இருக்கே மாமா. கவர்மென்ட் போர்டு பொய் சொல்லுமா?"

"நீ பார்த்தியான்னு கேட்டேன்."

மச்சான் கொஞ்சம் யோசித்தான். "இப்ப நினைச்சுப் பார்த்தா, பார்த்த மாதிரிதான் இருக்கு."

அவனாவது பரவாயில்லை. வன அலுவலகத்து ஆட்கள் தெருத்தெருவாக வந்து முதலையைப் பார்த்தவர்களிடம் எழுதி வாங்கிப் போனார்கள். பலகைக்காரரின் மனைவியும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"நீதான் அந்தப் பக்கமே போனதில்லையே?"

"எதிர்வீட்டுக்காரி பார்த்திருக்கா. பக்கத்து வீட்டுக்காரி ரெண்டு தடவை பார்த்திருக்கா. பன்னிரண்டு வருஷமா அங்கயே கிடக்கிற மனுஷனோட பொண்டாட்டி பார்க்கலைன்னா நல்லாவா இருக்கும்? நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல. வாலை மட்டும்தான் பார்த்தேன்னு எழுதினேன்."

இனிமேல் உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. பலகைக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வன அலுவலகத்துக்குப் போனார். அதிகாரியின் மேஜைமேல் தலையணை கனத்துக்கு ஒரு கோப்பு இருந்தது.

"சார், அந்தக் குளத்துல முதலை இல்ல."

"நாப்பத்தொரு பேர் பார்த்திருக்காங்க. உங்க வீட்டம்மா உள்பட."

"அந்தப் பலகை..."

"அது நம்ம பலகைதான். கோப்பு எண்கூட இருக்கே. கோப்புதான் கிடைக்கல, தேடிக்கிட்டிருக்கோம்."

"ஒருவேளை யாராவது போலியா எழுதி வச்சிருந்தா?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "அரசாங்கம் பேர்ல பொய் எச்சரிக்கையா? மூணு வருஷம் உள்ள இருக்கணும். ஏன், யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பலகைக்காரரின் நகக்கண்ணில் மஞ்சள் பெயின்ட் இன்னும் போகவில்லை. கைகளை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். மூன்று வருஷம் என்றால் எத்தனை ஞாயிறு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. மனைவி, கடை என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன.

"இல்ல சார். பெயின்ட் மங்கிப்போச்சு. திருப்பி எழுதணுமான்னு கேட்க வந்தேன்."

"நல்ல வேளை, நீங்களே வந்தீங்க. இன்னும் நாலு பலகை வேணும். அது யாரையாவது கடிச்சு வைக்கிறதுக்குள்ள தண்ணிய இறைச்சுப் பிடிச்சுடலாம்னு முடிவாயிடுச்சு. பம்பு, ஆளு எல்லாம் ஒரு நல்ல மனுஷன் சும்மாவே தர்றேன்னு சொல்லிட்டாரு."

நாலு பலகையையும் அவரே எழுதினார். 'நீர் இறைக்கும் பணி நடைபெறுகிறது. பொதுமக்கள் விலகி நிற்கவும்.' ஒரு பலகை முடிந்ததும், போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பார். எழுந்ததற்கு அடுத்த பலகையை எடுத்து வைப்பார். நாலும் முடிந்தபோது எழுந்திருக்கவில்லை. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

ஆறு பம்புகள் மூன்று நாள் ஓடின. முதல் நாள் நாணல் தலைசாய்ந்தது. இரண்டாம் நாள் எங்கிருந்தோ வந்த நாரைகள், துள்ளுகிற மீனை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பறந்துபோயின. மூன்றாம் நாள் காலையில் வாத்து சேற்றில் நடந்து அந்தப் பக்கத்துக் கரையில் ஏறியது. இரண்டு குஞ்சுகள் பின்னால் போயின. மூன்றாவதற்குச் சேற்றிலிருந்து காலை எடுக்கத் தெரியவில்லை. வாத்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அப்புறம் முட்புதருக்குள் போய்விட்டது.

அடிச்சேற்றிலிருந்து இரண்டு டயர், ஒரு ஹெல்மெட், கையொடிந்த நாற்காலி ஆகியவற்றை எடுத்தார்கள். முதலை இல்லை.

"நல்லா ஏமாத்திட்டாங்க," என்று கூட்டம் கலைந்தது. மச்சான் கடைசியாக ஒரு படம் எடுத்து, 'முதலை எங்கே போனது?' என்று தலைப்புப் போட்டான்.

அன்றைக்குத்தான் மனைவி முதல்முறையாக அங்கே வந்தாள். வெடிக்கத் தொடங்கியிருந்த சேற்றைப் பார்த்தாள். பாறைமேல் உட்கார்ந்திருக்கும் கணவரைப் பார்த்தாள்.

"எங்கங்க அந்த வாத்து?"

"போயிடுச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பம்புக்காரர் குழாயைச் சுற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக இவரை அங்கேயே பார்த்த பழக்கத்தில் சிரித்தார்.

பலகைக்காரர் எழுந்து அவரிடம் போனார். "ஒரு மழை பெஞ்சா மறுபடி நிறைஞ்சுடும் இல்ல?"

"எங்க சார் நிறையறது? நாளைக்கு மண்ணு வருது. நிரவிட்டு எங்க முதலாளி வீடு கட்டப் போறாரு."

"குளத்துலயா?"

"தண்ணி இருந்தாத்தானே சார் குளம்? தண்ணி நிக்கிற வரைக்கும் இங்க ஒரு செங்கல் வைக்கக்கூடாது, ஆள் உயிருக்கு ஆபத்துன்னா ஒழிய ஒரு சொட்டுகூட இறைக்கக்கூடாதுன்னு எட்டு வருஷமா கோர்ட்டு உத்தரவு இருந்துச்சு. யாரோ ஒரு புண்ணியவான் முதலைன்னு பலகை வச்சிருக்கான், அவன் கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்னு எங்க முதலாளி ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்காரு."