ஐநூத்திநாலு அண்ணாச்சி

புது ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டு வருகிறவரிடம் துக்கம் விசாரிக்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருவனந்தபுரம் சாலை பஜாரில், ஒரு கயிற்றுக் கடையின் மாடியில் இருக்கிறார்.

என்னிடமும் விசாரித்திருக்கிறார். நாற்பது ஜிபி டிஸ்க் ஒன்றைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"எத்தற ஜிபி?"

"நாப்பது."

"எந்த மெஷினுக்கு?"

முப்பது வருடப் பழசான கம்ப்யூட்டர் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். குரலைத் தாழ்த்தி, "எப்பம் நடந்தது?" என்று கேட்டார்.

மார்த்தாண்டத்துப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல், கல்யாணமாகாதவர். வேலை, பழைய கம்ப்யூட்டர்களைப் பிழைக்க வைப்பது. சொந்தப் பெயர் சாலை பஜாரில் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து மெஷின்களில் எவ்வளவு பெரிய டிஸ்க்கை மாட்டினாலும் அவற்றின் கண்ணுக்கு ஐந்நூற்று நான்கு எம்பிக்கு மேல் தெரியாது. இதை வருகிற போகிற எல்லோரிடமும் அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால், ஆளே ஐநூத்திநாலு ஆகிவிட்டார். தபால்காரர் கூடக் கீழே நின்று "ஐநூத்திநாலே!" என்றுதான் கூப்பிடுவார்.

"வீட்டு வாசல் சின்னது. நீரு பெரிய கட்டிலை வாங்கிட்டு வந்திருக்கீரு. உள்ள போகாது. அதுக்கு வாசலைத் திட்டலாமா? கட்டிலைத் திட்டலாமா?"

"யாரைத் திட்டணும் அண்ணாச்சி?"

"கட்டில் வாங்கினவனை!"

கழக்கூட்டத்திலிருந்து ஒரு சாஃப்ட்வேர் இளைஞர் ஒருமுறை மாடியேறி வந்து, "பேசாமல் புது கம்ப்யூட்டர் வாங்கிடலாமே?" என்று கேட்டாராம். அண்ணாச்சி எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார். வந்தவர் வியர்த்து வழிந்து இறங்கிப் போகும்வரை ஃபேன் சுற்றவில்லை.

நான் அவரிடம் போன கதை இது. என் மனைவியின் அக்கா ஸ்டெல்லாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. மைனி என்று கூப்பிடுவேன். பார்வையற்ற பிள்ளைகளுக்கு டீச்சர். கரமனையில் தன் வீட்டு முன்னறையில் பிரெய்ல் அச்சடிக்கிற பிரிண்டர் ஒன்று வைத்திருந்தார். தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளும். தெருவே அதிரும். அந்தப் பிரிண்டர் அந்தப் பழைய கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். தமிழைப் பிரெய்லாக மாற்றும் புரோகிராமும் அதற்குள்தான் இருந்தது. புதிய பிரிண்டருக்கு மனு போட்டு, மனு எந்த மேஜையில் தூங்குகிறது என்று மைனி தேடிக்கொண்டிருந்த காலம்.

தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு எழுதப்போகிற ஏழு பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் பாதி அச்சாகியிருந்தது. அப்போது டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பரீட்சைக்கு நாலு மாதம்கூட இல்லை.

நான் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் கையேடு எழுதுகிறவன். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. ஆனால் மாமியார் வீட்டில், "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்லதான் இருக்காரு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். கௌரவத்துக்காக நாற்பது ஜிபி வாங்கி மாட்டினேன். மெஷின் கறுப்புத் திரையோடு சிலையாக நின்றுவிட்டது. நல்லவேளை, கழற்றிய பழைய டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அண்ணாச்சி மைனி வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் ஒரு பழைய மூக்குப்பொடி டப்பா, அதற்குள் டிஸ்க்கின் ஊசிகளில் மாட்டுகிற சின்னச் சின்ன ஜம்பர்கள், புருவம் பிடுங்குகிற இடுக்கி. எங்களைப் பார்க்கவே இல்லை. நேராக மெஷினிடம் போய்த் தடவிக்கொடுத்தார். "எந்தா மோனே, சுகமில்லே?"

அவர் மெஷினைக் கொஞ்சுவது மலையாளத்தில். திட்டுவது தமிழில். ஏன் என்று கேட்டேன்.

"கோவத்துல எனக்கு மலையாளம் வராது சாரே. அம்மா திட்டினது தமிழ்லயில்லா?"

முள் எடுப்பதுபோல இடுக்கியால் டிஸ்க்கின் முதுகில் ஒரு ஜம்பரை மாற்றினார். பிறகு மெஷினின் செட்டப்பைத் திறந்து, அதுவாக டிஸ்க்கை அளந்து பார்க்கும் வேலையை நிறுத்தினார். அளவை மந்திரம்போல உரக்கச் சொல்லிக்கொண்டே கையால் அடித்தார்: "ஆயிரத்து இருவத்திநாலு. பதினாறு. அறுவத்திமூணு."

மெஷின் விழித்துக்கொண்டது. ஐந்நூற்று நான்கு எம்பி என்று காட்டியது.

"மிச்ச முப்பத்தொம்பது ஜிபி?" என்றேன் வயிற்றெரிச்சலோடு.

"கெடக்கட்டும். எட்டு மாடி வீடு கட்டினாலும் படுக்கப் பாய் அளவு எடம்தானே?"

இனி பழைய டிஸ்க்கிலிருந்து புரோகிராமைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அதுதான் கண்டம். பழைய டிஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, மடித்த தோர்த்துத் துண்டின் மேல் வைத்தார். "இனி ஆரும் மூச்சு விடாண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் கரகரவென்று ஓடியது. அண்ணாச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைனி திடீரென்று சொன்னார்: "சத்தம் மாறுது. இப்ப நிக்கப் போகுது."

அவர் சொல்லி முடிக்கும் முன் டிஸ்க் திக்கியது. அண்ணாச்சி பாய்ந்து அதை லேசாகச் சாய்த்தார். மறுபடி ஓடியது. பிறகு இருவரும் இரண்டு மணி நேரம் அப்படியே: மைனி காதைத் தீட்டிக்கொண்டு, "இப்ப", "இல்ல, இல்ல", "இப்ப சாய்ங்க" என்று சொல்லச் சொல்ல, அவர் சாய்த்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கோப்பு வந்து சேர்ந்ததும் பழைய டிஸ்க் ஒரு விக்கல் விக்கி நின்றது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

வாசலில் என் கையைப் பிடித்தார் அண்ணாச்சி. "முப்பது வருசமா இந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேக்குன்னு நெனச்சேன் சாரே. அது என்ன செவி!"

மறுநாள் காலை மைனி போன் செய்தார். மெஷின் மூன்று எண்களையும் மறந்துவிட்டிருந்தது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. சுவிட்சை அணைத்தால் ஞாபகம் போய்விடும்.

"அந்த பேட்டரி இப்பம் கெடைக்காது" என்று அண்ணாச்சி கையை விரித்தார். "பரவாயில்ல. நான் காலைல வந்து நம்பரு அடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குச் சாலை பஜாரிலிருந்து பஸ் ஏறிக் கரமனைக்கு வந்தார். மூன்று எண்களை உரக்கச் சொல்லி அடிப்பார். மைனி காப்பி கொடுப்பார். பத்து நிமிட வேலை. ஒன்பது மணி பஸ்ஸில் திரும்பிப் போவார். இரண்டாவது மாதம் அவருடைய சட்டை இஸ்திரி போட்டதாக இருந்தது. மூன்றாவது மாதம் தலைக்குச் சாயம். எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்து, சாலை பஜாரில் ஒரு கடையில் பேட்டரி மாதிரியைக் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். நூறு இருக்கும். ஒன்றுகூட வாங்காமல் திரும்பிவிட்டேன்.

கடைசிப் பாடம் மட்டும் பாக்கி இருந்த வாரம், அண்ணாச்சிக்குக் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நீங்க போய் அடிச்சுக் குடுக்கணும் சாரே" என்று போன் செய்தார். சரி என்று கிளம்பினேன். என்மேல் நம்பிக்கை இல்லாமல், ஒரு கண்ணில் கட்டும் அதன்மேல் கறுப்புக் கண்ணாடியுமாக ஆட்டோவில் அவரும் வந்து இறங்கினார்.

இருவரும் கேட்டைத் திறந்தோம். உள்ளே பிரிண்டர் தடதடவென்று குத்திக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி நின்றுவிட்டார். "ஆரு நம்பரு போட்டது?"

"நான்தான்" என்றார் மைனி, தாளை மடித்துக்கொண்டே. "கீபோர்டுல எந்தக் கட்டையை எத்தனை தட்டுன்னு சத்தத்துல தெரியாதா? நம்பரைத்தான் ஜெபம் மாதிரி தெனமும் சொல்லுதீங்களே."

"எப்பம் படிச்சீங்க?"

"ரெண்டாம் நாளே."

அவருடைய ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது, தரையைப் பார்த்தது. கணக்குப் போட்டார். ஏறக்குறைய மூன்று மாதம். பிறகு, பரீட்சையில் பிட்டோடு பிடிபட்டவர் குரலில் சொன்னார்: "டீச்சரே... அந்த பேட்டரி எல்லாக் கடையிலயும் கெடைக்கும்."

"அதுவும் தெரியும். இருங்க, காப்பி எடுத்திட்டு வாரேன்."

எனக்கு அங்கே வேலை இல்லை என்று ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாத எனக்கே புரிந்தது. கிளம்பிவிட்டேன்.

புத்தகம் பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் முடிந்தது. ஏழு பிள்ளைகளும் எழுதினார்கள். ஏழு பேரும் பாஸ். ஒருத்தி கணக்கில் வாங்கிய மார்க்கைக் கேட்டு, அண்ணாச்சி மெஷினுக்கு முத்தம் கொடுத்தார். அடுத்த மாதம் சர்ச்சில் கல்யாணம். பாதிரியார் மாப்பிள்ளை பெயரை வாசித்தபோது, சாலை பஜாரிலிருந்து வந்திருந்தவர்கள் வேறு கல்யாணத்துக்கு வந்துவிட்டோமோ என்று முழித்தார்கள்.

இப்போது அவர் எனக்குச் சகலை. குடும்ப விசேஷங்களில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, என் செல்போனில் எத்தனை ஜிபி என்று கேட்டு அனுதாபப்படுகிறார். போன மாதம் அவரும் மைனியும் இரண்டு நாள் மார்த்தாண்டம் போயிருந்தார்கள். எனக்குச் சாலை பஜாரில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஆபீஸிலிருந்து திரும்பும்போது அந்த வழியாக வந்து, சாத்திக் கிடந்த அவருடைய மாடி ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.