அறுபதுக்குக் கீழே பத்து நாள்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் மகளும் பேரக்குட்டியும் நலமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்தேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். படுக்கையறையின் வடக்குச் சுவரும் நலம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்றுக் காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, நானும் அத்தையும் சாப்பாட்டு மேசையின் இரு முனைகளிலும் அமர்ந்து, இரு தரப்பு வாதங்களையும் குறுக்கிடாமல் கேட்டபின், நீங்கள் அனுப்பிவைத்த ஈரப்பதமானியின் பேட்டரியை மாற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். பழைய பேட்டரி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் குட்டி வந்திருக்கிற நாட்களில் அது பாதியில் கண்ணை மூடிவிட்டால் யார் பதில் சொல்வது என்று அத்தை கேட்டாள். தீர்மானம் குறிப்பேட்டில் ஏற்றப்பட்டது. இந்தக் கடிதத்தை முடித்த கையோடு நிறைவேற்றப்படும்.

போன முறை குட்டி இங்கே இருந்த நான்கு நாளில் மூன்று நாள் நெஞ்சில் விசிலோடு தூங்கியதை நான் மறக்கவில்லை. குழந்தை மருத்துவர் எங்கள் அறையின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ரூம்ல பெரியவங்களே படுக்கக் கூடாதே" என்று சொன்னதாக மகள் சொன்னாள். நானும் அத்தையும் ஆறு வருடமாக அங்கேதான் படுக்கிறோம் என்பதால் அன்று அதைப் பற்றி மேலே பேசாமல் விட்டோம். அதன் பிறகுதான் நீங்கள் தொலைபேசியில், "மாமா, நான் பெருசா ஒண்ணும் கேக்கல. அந்த ரூம் ஈரம் தொடர்ந்து பத்து நாள் அறுபதுக்குக் கீழ நிக்கட்டும். பதினோராம் நாள் டிக்கெட் போடுறேன்" என்றீர்கள். மாப்பிள்ளைகள் மாமனாரிடம் எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். ஓர் எண்ணைக் கேட்டவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அன்றே உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. குட்டியைப் பார்த்து ஏழு மாதமாகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும்.

மானி வந்து சேர்ந்த நாளை நான் மறக்க முடியாது. உள்ளங்கை அளவு வெள்ளைச் சதுரம்; மேலே வெப்பம், கீழே சதவீதக் கணக்கில் ஈரம், நடுவில் ஒரு முகம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்த முகம் சிரிக்கிறது, ஈரம் அறுபதைத் தாண்டினால் உதட்டைக் கீழே வளைத்துக்கொள்கிறது. ரயில்வே கால அட்டவணைப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். இப்படி ஒரு மேலதிகாரி எனக்கு வாய்க்கவில்லை. பார்க்கிறது, முகத்தைக் காட்டுகிறது, எழுத்துமூலம் விளக்கம் கேட்பதில்லை. மாட்டும்போது ஸ்டூலின் மேல் என் கை நழுவி, மானி கீழே விழுந்து, பின்பக்க மூடியின் கொக்கி உடைந்துபோனது. அத்தை விரல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்றை அதன் முதுகில் ஒட்டி, "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று அதனிடமே சொன்னாள். அது முதல் எங்கள் வீட்டில் அதற்கு மூஞ்சி என்று பெயர். வடக்குச் சுவரில் ஏறியதும் மூஞ்சி எழுபத்து நான்கு என்று காட்டி உதட்டை வளைத்தது. வெப்பம் அடக்கமான பிள்ளை, இருபத்தாறைவிட்டு அசையவில்லை, ஈரம்தான் அடங்காப்பிடாரி. நாங்கள் ஜன்னலைத் திறந்தோம், எழுபத்தைந்து, வெளியே மழை. மூடினோம், எழுபத்து நான்கு. துவைத்த துணியை உள்ளே காயப்போடுவதை நிறுத்தினோம், எழுபத்து மூன்று. குக்கருக்கு ஓய்வு கொடுத்து இரண்டு நாள் ரொட்டியைத் தின்றோம், அதே எழுபத்து மூன்று. மூச்சிலும் ஈரம் உண்டு என்று அதனுடன் வந்த தாளில் போட்டிருந்ததால் அந்த அறையில் பேச்சையும் குறைத்தோம். ஈரம் குறையவில்லை, வீட்டில் அமைதி நிலவியது என்று 'இதர விவரங்கள்' பகுதியில் குறித்துக்கொண்டேன்.

எனவே மாடிக்குப் போய் வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். அவரை உங்களுக்குத் தெரியும், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மேலே தனியாக இருக்கிறார். அவர் என் குறிப்பேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என் வீட்டுச் சுவர் வேர்க்காது சார். வேர்க்கிறதெல்லாம் நீங்கதான்" என்றார். பின்னாலேயே வந்திருந்த அத்தை, "நாங்க வேர்த்து, அந்த வேர்வை நடந்து போய் வடக்குச் சுவருல மட்டும் ஒட்டிக்கிதா? எங்களுக்கென்ன வேண்டுதலா?" என்றாள். அவர் அசரவில்லை. வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, சமையல், குளியல், சுவாசம் ஆகியவற்றால் வரும் ஈரத்துக்குக் குடியிருப்பவரே பொறுப்பு என்ற வரியைப் படித்துக் காட்டினார். சுவாசம் என்ற சொல்லின் கீழ் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். ஆனால் அந்த மனிதரிடம் ஒரு நேர்மை உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். "மழைக்காலத்துல எழுபது வரைக்கும் எந்த வீடும் இருக்கும். எழுபதைத் தாண்டிச்சுன்னு நிரூபிச்சிட்டா, அந்த ரூமுக்கு மேல இருக்கிற என் பாத்ரூம் சுவரை நானே உடைச்சுப் பாக்குறேன். ஆனா உங்க பெட்டி சொல்றதை நான் நம்ப மாட்டேன், அது உங்க மாப்பிள்ளை வாங்கினது" என்றார். மறுநாளே நீங்கள் வாங்கிய அதே மானியில், அதே வெள்ளையில் ஒன்றை வாங்கிவந்து எங்கள் மூஞ்சிக்கு ஒரு சாண் தள்ளி மாட்டினார். எங்களுடையது எழுபத்திரண்டு என்றது. அவருடையது அறுபத்தாறு என்றது. இரண்டும் ஒரே சுவரில், ஒரே காற்றில், பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆறு எண் வித்தியாசத்தில் சாட்சி சொல்லின. "பாத்தீங்களா, என் பெட்டி நிதானமா பேசுது" என்றார். "உங்க பெட்டி வாடகை வாங்குற பெட்டி சார், அப்படித்தான் பேசும்" என்றாள் அத்தை.

வழக்கு எதிர் வீட்டுக்குப் போனது. அங்கே வயலின் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார்; ஈரம் ஏறினால் வயலின் வீங்கும், இறங்கினால் வெடிக்கும் என்பதால் அவர் பிழைப்பே காற்றைக் கணக்குப் பார்ப்பதுதான். கையில் பசையோடு வந்து இரண்டு மானிகளையும் பார்த்து, "இதுல சண்டை எதுக்கு? உப்புக்கிட்ட கேளுங்க" என்றார். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகுமளவு தண்ணீர் தெளித்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் போகாமல் மூடிவைத்தால் உள்ளே ஈரம் எழுபத்தைந்தில்தான் நிற்குமாம். "எந்தக் கடை உப்பா இருந்தாலும் எழுபத்தஞ்சு. அதுக்கு வீட்டுக்காரரும் தெரியாது, குடித்தனக்காரரும் தெரியாது" என்றார். எழுபத்தைந்து வயதில் எனக்கு இது தெரியவந்தது, மாப்பிள்ளை. சமையலறை அலமாரியில் இத்தனை வருடம் இப்படி ஒரு நீதிபதி ஜாடிக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறார், நான் அவரைக் குழம்பில் போட்டுத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

அத்தையின் கண்ணாடி மூடி போட்ட பாத்திரத்தில் உப்பும் இரண்டு மானிகளும் காலை ஒன்பதுக்கு உள்ளே போயின. எங்களுடையது இடப்பக்கம், அவருடையது வலப்பக்கம். மாலை ஐந்துக்கு நாங்கள் நால்வரும் குனிந்து பார்த்தோம். இடப்பக்கம் எழுபத்தைந்து. வலப்பக்கம் அறுபத்தொன்பது. வீட்டுக்காரர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார், அறுபத்தொன்பதுதான். "அப்ப என்னோடது ஆறு கம்மியா சொல்லுது, உங்க சுவர் எழுபத்திரண்டுதான்" என்றார். "சரி. சொன்ன சொல்லு சொன்னதுதான். நாளைக்குக் குழாய்க்காரரை வரச் சொல்றேன்." உப்பு மேலே தெறித்திருக்கிறது என்று அத்தை இரண்டு மானிகளையும் ஈரத்துணியால் துடைத்ததில் இரண்டும் எண்பதைத் தாண்டி அழுமூஞ்சியாகிவிட்டன, ஜன்னல் விளிம்பில் காயவைத்து, ஒன்றை நான் சுவரில் மாட்டி, மற்றதை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "எது நம்மளுதுன்னு பாத்தீங்களா?" என்று அத்தை கேட்டாள். "ஒரு நாளைக்கு எண்பது ரயில். ஒண்ணைக்கூட நான் தடம் மாத்தி எழுதினதில்ல" என்றேன்.

குழாய்க்காரர் வந்து மேல்மாடிக் குளியலறைச் சுவரில் நான்கு ஓடுகளைப் பெயர்த்தார். உள்ளே ஒரு குழாயின் இணைப்பிலிருந்து நூல் மாதிரி தண்ணீர், எங்கள் வடக்குச் சுவருக்கு நேர் மேலே. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டில், தன் குழாயில், தன் தண்ணீர் என்று மூன்று முறை சொன்னார். வேறொருவர் என்றால் ஒரு முட்டுக்கட்டையாவது போட்டிருப்பார், இவர் போடவில்லை. குழாயை மாற்றி, சுவரை மூடி, உலரவிட ஒன்பது நாளாயிற்று. அந்த ஒன்பது நாளும் அவர் எங்கள் குளியலறையில்தான் குளித்தார், வேறு வழி? அவர் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில், பாடிக்கொண்டே குளிப்பவர். ஒரு குளியலுக்கு மூன்று பாட்டு. மூன்றாவது பாட்டில் ஆவி படுக்கையறைக்கு வந்து எண்பத்தொன்றைத் தொட்டுவிடும். அத்தை கதவைத் தட்டி, "சார், மூஞ்சி சுளிக்குது, பாட்டைச் சுருக்குங்க!" என்பாள். உள்ளிருந்து, "சரணத்துல இருக்கேம்மா, இதோ முடிச்சிட்டேன்" என்று பதில் வரும். நான்காம் நாளிலிருந்து அவர் சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவியோடு நிறுத்திக்கொண்டார். அவர் குரலைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. அந்தத் தியாகத்தைப் பற்றி ஒரே கருத்துதான்.

பிறகு தொடங்கியது நம் பத்து நாள். முதல் நாள் ஐம்பத்தேழு, மூஞ்சி சிரித்தது. அத்தை பதிலுக்குச் சிரித்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து, மறுபடி ஐம்பத்தாறு. எட்டாம் நாள் மாலை அத்தை மறதியில் அந்த அறையில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டுவிட, ஐம்பத்தொன்பது. விசிறியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் கூடத்துக்கு நாடுகடத்தி, மறுநாள் நான் கசங்கிய சட்டையோடு வங்கிக்குப் போனேன். பத்தாம் நாள் ஐம்பத்தைந்து. வீட்டுக்காரரும் மேலே தன் மானியை மாட்டி ஒரு குறிப்பேடு போட்டிருக்கிறார், அது ஆறு குறைத்துச் சொல்லும் மானி என்பதால் தினமும் ஆறைக் கூட்டி எழுதுகிறார். ஒரு பொய்யனை வேலையைவிட்டு நீக்காமல், அவன் பொய்யின் அளவு தெரிந்து வைத்துக்கொண்டு வேலை வாங்குகிறார் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் இந்த நிர்வாகத் திறமை யாருக்கும் இருந்ததில்லை.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் கேட்ட எண் தயார். குறிப்பேட்டின் பத்துப் பக்கங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். அறை சிரிக்கிறது, டிக்கெட் போட்டுவிடுங்கள். குட்டி நெஞ்சில் விசில் இல்லாமல் தூங்கட்டும், ஓடட்டும், எதை வேண்டுமானாலும் உடைக்கட்டும். மகளிடம் அத்தை தனியாகப் பேசுவாளாம். மூவருக்கும் எங்கள் ஆசிகள், உலர்ந்த அறையிலிருந்து.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: இதை மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். கடிதத்தை முடித்த கையோடு, தீர்மானத்தின்படி பேட்டரியை மாற்ற மூஞ்சியைக் கழற்றித் திருப்பினேன். முதுகில் பிளாஸ்திரி இல்லை. கொக்கியும் உடையவில்லை. அத்தை பார்த்தாள், ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிக்குப் போனால், வீட்டுக்காரர் சுவரில் தொங்குகிற மானியின் முதுகில் பிளாஸ்திரி இருக்கிறது. "ஏதோ கேரண்டி சீட்டுன்னு நெனச்சேன் சார்" என்றார். ஆகவே எங்கள் ஐம்பத்தைந்து உண்மையில் அறுபத்தொன்று, ஐம்பத்தாறு அறுபத்திரண்டு; சுவர் உலர இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்கிறார் குழாய்க்காரர். இணைத்த பத்துப் பக்கங்களையும் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். வீட்டுக்காரர் தன் குறிப்பேட்டை எடுத்துவந்து, தேவையில்லாமல் கூட்டிய ஆறுகளை வரிசையாகக் கழித்தார். ஐம்பத்து மூன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு. பத்து நாளும் அறுபதுக்குக் கீழே, அவருடைய படுக்கையறை. குறிப்பேட்டை மூடிவிட்டு, "குழந்தைக்கு வேண்டியது காஞ்ச ரூமுதானே சார்? நீங்க எல்லாரும் மேல வந்துடுங்க, நான் கீழ படுத்துக்கிறேன். என் வீட்டுச் சுவர், என்னை என்ன செஞ்சிடும்?" என்றார். நேற்று முன்தினம் கட்டில்களை மாற்றினோம். மேலே இன்று காலை ஐம்பத்து மூன்று, மூஞ்சி சிரிக்கிறது, பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். டிக்கெட் போடலாம். வீட்டுக்காரர் நேற்றிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறார்.