பீரோவில் பூட்டிய மானிட்டர்

வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வந்துகொண்டிருந்த காலம். எம்.கே.பி. நகர் லோகநாதன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் போட்டான். இந்த வீட்டில் ஒன்று அவன் இருக்க வேண்டும். இல்லை, அந்த மானிட்டர் இருக்க வேண்டும்.

காரணம் இருந்தது. மனைவி ரமாபாய் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அவன் முகத்தையே பார்ப்பதில்லை. ராயபுரத்துக் கப்பல் சரக்கு ஆபீஸில் வாங்கிய திட்டையெல்லாம் அவன் உருகி உருகிச் சொல்வான். திரையைப் பார்த்தபடி "ம்" என்பாள். ஒருநாள், "ரமா, நான் செத்துட்டேன்" என்று சொல்லிப் பார்த்தான்.

"ம். கைகால் கழுவிக்கினு வா" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், அந்தத் தட்டை மானிட்டரைக் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து கழற்றிப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினான்.

"மானிட்டர் எங்கய்யா?"

"பொகைஞ்சிடுச்சி. ரிப்பேருக்குப் போயிக்கீது. பெட்டிய மட்டும் அணைக்காத, எனக்கு வேலை கீது."

ரமாபாய் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கி வைத்தாள்.

சரக்குப் பட்டியல் போடும் புரோகிராம் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தது. ஆபீஸில் உட்கார்ந்தபடியே இன்டர்நெட் வழியாக அதைத் திறந்து வேலை பார்ப்பது அவன் வழக்கம். அன்று திறந்தால், திரை சுருங்கிக் கிடந்தது. எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு. பட்டியலின் கீழ்ப்பாதியைக் காணோம். 'அனுப்பு' பட்டனையும் காணோம்.

மேனேஜர் சண்முகவேல் பின்னால் வந்து நின்றார். "நாளைக்கு சாயங்காலம் கப்பல் கிளம்புது. பட்டியல் போகலேன்னா நீ போக வேண்டியதுதான்."

வியர்வையோடு அடுத்த தெருவுக்கு ஓடினான். அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த மஜீது அவன் தோஸ்து.

"மானிட்டர கழட்டிட்டா பெட்டிக்கு பேஜாராய்டும் மாமு. பாக்கத்தான் ஆளில்லையேன்னு ரெசல்யூஷன கொறச்சிக்கும்."

"ரெசல்யூஷனா? என் தீர்மானம் அதுக்கு எப்டி தெரியும்?"

"உன் தீர்மானம் இல்ல மாமு, படத்தோட சைசு!" மஜீது ஒரு சின்ன பிளக்கைக் கொடுத்தான். "உள்ள ரெசிஸ்டர் வச்சிக்கீறேன். மானிட்டர் வயர் சொருகற எடத்துல இத்த சொருகு. மானிட்டர் கீதுன்னு பெட்டி நம்பிக்கும்."

"நம்புமா?"

"அண்ணி உன்னயே நம்புது. இது நம்பாதா?"

அன்று மாலையே சொருகிவிட்டான். மறுநாள் ஆபீஸில் திறந்தான். திரை பழையபடி முழுசாய் விரிந்தது! மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போது மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது.

அவன் இந்தப் பக்கம் இழுத்தான். அது அந்தப் பக்கம் போனது. பட்டியலை மூடிக்கொண்டு ஒரு கல்யாணப் பத்திரிகை விரிந்தது. மூலைக்கு ஒரு மயில், அடியில் ஒரு போன் நம்பர்.

"யாருக்குப்பா கல்யாணம்?" என்றார் மேனேஜர்.

மயிலுக்குக் கீழே எழுத்துகள் ஓடின: "யோவ், அம்ப வுடு."

லோகநாதனை 'யோவ்' என்பது வீட்டில் இருக்கும் ரமாபாய் ஒருத்திதான். பதிலுக்கு டைப் அடித்தான்: "ரமா, கப்பல் கிளம்புது. வேலை போய்டும்."

"மானிட்டர் எங்க கீதுன்னு மொதல்ல ஒய்ங்கா சொல்லு."

"பீரோல."

"இன்னாத்துக்கு?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். வேறு வழியில்லை. "நீ என் மூஞ்சியவே பாக்க மாட்டேன்ற" என்று அடித்தான். காது சிவந்துவிட்டது.

அம்பு மெல்ல மூலைக்கு நகர்ந்தது. பிறகு பத்திரிகை விலகிக்கொண்டது. அடியில் பட்டியல் தெரிந்ததுமே 'அனுப்பு' பட்டனை மேனேஜரே அழுத்தினார்.

மாலை வீட்டுக்குள் நுழைந்தால், மானிட்டர் மேஜைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"பீரோ எங்கம்மா வூட்டு சீரு. சாவி ரெண்டு" என்றாள் ரமாபாய். "காலீல நீ தெருமுனை தாண்டனதும் எடுத்து மாட்டிட்டேன்."

"அப்போ பிளக்கு?"

"அத கழட்டாம மானிட்டர எங்க சொருகறது?"

திரை விரிந்தது நிஜ மானிட்டரால்தான்; மஜீதின் பிளக் ஆபீஸ் நேரத்தில் ஒரு நிமிஷம்கூட வேலை பார்க்கவில்லை. லோகநாதன் தலையைத் தொங்கப் போட்டான். ரமாபாய் நாற்காலியைத் திருப்பி, எத்தனையோ நாளைக்கப்புறம் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ரமா, இன்னிக்கு ஆபீஸ்ல இன்னா ஆச்சின்னா..."

"தெரியும். பத்திரிகைல என் நம்பர பாத்துட்டு மேனேஜரே போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அவரு பொண்ணு கல்யாணத்துக்கும் நாந்தான் அடிக்கறேன். கொஞ்சம் நவுரு, வெளிச்சத்த மறைக்கற."