ஹாலிலிருந்து கிளம்பிய விமானம்

"எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பதினோரு மணி நேரம். உன்னால உட்கார முடியாது" என்றார் கணவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தூரம் பற்றிய பேச்சில் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

மகள் வேலை பார்க்கும் ஊருக்குப் போக வேண்டும் என்று மனைவி சொன்னதிலிருந்து ஒரு வாரமாக இதே பாட்டு.

"முப்பது வருஷமா தையல் மெஷின்ல உட்கார்ந்தவ நான்."

"அரை மணிக்கொரு தடவ எழுந்து எனக்கு டீ போட்டியே. அங்க அது முடியாது."

"அப்படியா? இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நான் எழுந்திருக்கலன்னா ஒத்துக்குவீங்களா?"

காலை ஏழு மணிக்கு சோபாவில் உட்கார்ந்தாள்.

"சோபாவெல்லாம் செல்லாது."

மர நாற்காலி ஒன்றைச் சுவரோரம் செருகி, அதில் அவளை உட்காரவைத்து, தன் பழைய பெல்ட்டால் இடுப்பைக் கட்டினார். பக்கத்து சீட்டுக்கு மாடிவீட்டு பேக்கரிக்காரரை அழைத்து வந்தார். ராத்திரி முழுக்க ரொட்டி சுட்ட மனிதர். உட்கார்ந்த கையோடு அவள் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"ஜன்னலோரம் கிடைச்சிருக்கு. பரவாயில்ல."

அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

"பால் பொங்குது பாரு."

"அடுப்பு தரையில இருக்கு. நான் மேகத்துல இருக்கேன்."

அவரே ஓடினார். பாலைத் துடைக்கப் போய் மாவு டப்பாவைத் தட்டிவிட்டார். மாவைக் கழுவத் தண்ணீர் ஊற்றினார். தரை முழுக்கப் பசையாகி, செருப்பு ஒன்று அதிலேயே நின்றுவிட்டது.

"துடைப்பம் எங்க இருக்கு?"

"இங்கிருந்து தெரியலீங்க. ரொம்ப உயரத்துல போறோம்."

மதியம் பாதி கருகிய உருளைக்கிழங்கோடு வந்தார். அவள் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். பேக்கரிக்காரர் கண்ணைத் திறக்காமலே இரண்டை விழுங்கிவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார்.

மூன்று மணிக்கு மேல் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடிப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"வலிக்குதில்ல? இறங்கிடேன்."

"நடுவழியில எங்க இறங்கறது?"

எக்ஸ்பிரஸ் பஸ்சில் எத்தனையோ பேரிடம் அவர் எரிந்து விழுந்த அதே கேள்வி. பாத்திரம் தேய்க்கப் போனார்.

ஆறு மணிக்கு அவள் பெல்ட்டை அவிழ்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாதங்கள் தலையணை போல வீங்கியிருந்தன. தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது. ஒவ்வோர் அடியாக வைத்து அடுப்படி வாசல் வரை வந்து நின்றாள்.

"வந்து சேர்ந்துட்டேன்."

முழங்கை வரை சோப்பு நுரையோடு அவர் திரும்பிப் பார்த்தார்.

"சரி, ஒத்துக்கறேன். போயிட்டு வா. ரெண்டு வாரம்தானே, எப்படியோ சமாளிச்சுக்கறேன்."

சமையல் மேடை மேலிருந்த அவள் செல்போன் அடித்தது. கை ஈரம் என்பதால் அவர் முழங்கையாலேயே ஸ்பீக்கரைத் தட்டினார். டிராவல்ஸ் ஆபீஸ் பெண்.

"டிக்கெட் ரெடிம்மா. நீங்க சொன்ன மாதிரியே போறதுக்கு மட்டும் போட்டிருக்கேன்."