ஈரக் குடைகளின் ஒப்பாரிக்காரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டில், டென்மார்க் தேசத்து ஓல்போர்க் நகரத்தில், அங்கே அகதியாக வந்திருந்த நீக்கிலாசின் மனைவி மாக்கிரட் ஒரு இரும்பு அலமாரிக்குள் இருந்தார். பயப்பட வேண்டாம். ஆள் இருந்தது இலங்கையில், மன்னார் பேசாலையில், சண்டைக்குப் பயந்து கோயில் விறாந்தையில். அலமாரிக்குள் இருந்தது அவருடைய கோப்பு. ஆனால் கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆளும் இருக்கிறார் என்பது குடிவரவு அதிகாரி மொவ்ரிட்சனின் அசைக்க முடியாத கொள்கை.

அகதிகளின் மனைவிமார் வரலாம் என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தில் ஒருவரும் கைவைக்கவில்லை, பாவம். கோப்புகளில் கைவைக்க வேண்டாம் என்று மட்டும் மேலிடம் சொல்லியிருந்தது.

"ஐயா, என்ரை மனுசியின்ரை அலுவல் என்ன மாதிரி?" என்று நீக்கிலாஸ் போய்ப் போய்க் கேட்பான்.

"தங்கள் மனைவியின் கோப்பு ஓய்வில் இருக்கிறது."

"எப்ப எழும்பும்?"

"ஓய்வில் இருப்பதை எழுப்புவது நாகரிகமல்ல."

நீக்கிலாசுக்கு நகரத்து இசை மண்டபத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. அங்கேதான் ஒருநாள் 'ஈரக் குடைகள்' என்ற இங்கிலாந்து இசைக்குழு வந்து இறங்கியது. நாலு பேர். நாலு பேரும் கறுப்புச் சட்டை, நாலு பேரும் சாப்பிடாத முகம். அவர்கள் வாசித்தது மாற்று ராக். அந்தக் காலத்தில் இசைத்தட்டு நிறைய விற்றால் அது கேவலம்; விற்காவிட்டால் அதற்கு 'மாற்று' என்று பெயர். ஈரக் குடைகளின் இரண்டு இசைத்தட்டுகளையும் அவர்களுடைய தாய்மார் வாங்கியிருந்தார்கள். அந்த வகையில் அவர்கள் மிகவும் மாற்றானவர்கள்.

பாடகன் நைஜல் ஒத்திகையில் கண்ணை மூடிக்கொண்டு முனகத் தொடங்கினான். நீக்கிலாஸ் தூசி உறிஞ்சுகிற மெசினை உடனே நிற்பாட்டினான். ஐயோ, ஆரோ செத்துப்போச்சினம்! கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். முனகல் முடிந்ததும் மேடையில் ஏறி, செத்தவீட்டில் செய்கிற மாதிரியே வரிசையாக நாலு பேருக்கும் கை கொடுத்து, தலையைக் குனிந்து, சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான்.

நைஜலின் கண் கலங்கிவிட்டது. "எங்கள் ஊரில் சிரித்தார்கள். எங்களைப் புரிந்துகொண்ட முதல் ஆள் நீதான்" என்றான்.

நீக்கிலாஸ் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் உண்மையைச் சொன்னான். "உங்கட அழுகை காணாது, தம்பி. பெரிய வெள்ளிக்கு என்ரை மனுசி ஒப்பாரி சொன்னாவெண்டால், சுவாமியார் பிரசங்கத்தை நிப்பாட்டிப்போட்டு அழுவார்."

அடுத்த நாளே நைஜல் அவனையும் இழுத்துக்கொண்டு மொவ்ரிட்சனிடம் போனான். தங்கள் குழுவுக்கு மாக்கிரட் பாடகியாக வரவேண்டும் என்றான். பாடகி என்ற சொல் காதில் விழுந்ததும் மொவ்ரிட்சன் கதிரையை விட்டு எழுந்தே விட்டார்.

"ஒரு கிழமையில் வரலாம். கலைஞர்களைக் காக்கவைத்தால் கலை பழுதாகிவிடும்."

"மனுசி பழுதாகாதோ, ஐயா?"

"மனைவிக்கு அப்படி விதி எதுவும் இல்லை. ஒன்று மட்டும் கவனம். பாடகி தங்களோடு ஒரே வீட்டில் தங்கக் கூடாது. அப்படித் தங்கினால் அது குடும்ப இணைவு. அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது."

"இரண்டும் ஒராள்தானே!"

"கோப்பு இரண்டு" என்றார் மொவ்ரிட்சன், குழந்தைக்குச் சொல்வது போல.

அன்றைக்கே நீக்கிலாஸ் பேசாலைப் பங்குத்தந்தை வீட்டுக்கு டெலிபோன் எடுத்தான்.

"இஞ்சேருங்கோ, ஆர் செத்தது?" மாக்கிரட் பதறினார்.

"ஒருத்தரும் சாகேல்லை. நீ இஞ்சை வந்து அழவேணும்."

"விசரே உங்களுக்கு? அதை நான் இஞ்சையே செய்யிறன்தானே."

சொன்னபடி ஒரு கிழமையில் பாடகி வந்தார். மனைவி அலமாரிக்குள்ளேயே இருந்தார். பாடகி தங்கியது ஹோட்டலில். நீக்கிலாஸ் ஹோட்டல் வரவேற்பறைக்குப் போய், நடுவில் ஒரு பூச்சாடியை வைத்துக்கொண்டு, கலை ஆர்வலராக அவரைச் சந்தித்தான். கையைப் பிடிக்கக்கூடப் பயம்.

மேடையில் மாக்கிரட் வாய் திறந்தார். சும்மா சொல்லக்கூடாது, மண்டபம் உறைந்துபோனது. பத்திரிகைகள் 'வடக்கின் புதிய இருள்' என்று எழுதின. பெடியன்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஆடினார்கள். பெட்டைகள் தலையை விரித்துவிட்டார்கள். கச்சேரி முடிந்ததும் வரிசையில் வந்து கை கொடுத்துத் தலை குனிவது நாகரிகத்தின் உச்சமாகிவிட்டது. அவர் உண்மையாகவே அழுகிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்வரிசையில் இருந்த அவருடைய மனுசன் நீக்கிலாஸ் மட்டும் துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். ரசிகர்கள் அவனைத் தேர்ந்த ரசிகன் என்று மெச்சினார்கள்.

கடைசிக் கச்சேரியோடு பாடகியின் அனுமதி முடிந்தது. இங்கிலாந்துக்காரர் விடுவார்களா? ஒப்பந்தம் போட்டு லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பிறகு கோப்புகளைத் தூங்கவைத்தது சட்டவிரோதம் என்று நாடே கொந்தளித்தது. அலமாரிகள் திறந்தன. ஒருநாள் மொவ்ரிட்சனே மண்டபத்துக்கு ஓடிவந்து நீக்கிலாசைக் கட்டிப்பிடித்தார்.

"வாழ்த்துகள்! தங்கள் மனைவி உடனே வரலாம்!"

"அவ லண்டனிலை பாடுறா, ஐயா. ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டினமாம்."

மொவ்ரிட்சன் வருத்தப்பட்டார். "அலமாரியிலேயே இருந்திருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்காதே."

நீக்கிலாஸ் பிரித்தானிய விசா அலுவலகத்துக்கு ஓடினான். வரிசை நீளம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகவே கேட்டார்.

"என்ன காரணம்?"

"மனுசியோட இருக்கவேணும்."

"கணவர்மாரின் கோப்புகள் ஓய்வில் இருக்கின்றன. நீங்கள் கலைஞரா?"

அவ்வளவுதான். இத்தனை நாளாக அடக்கி வைத்தது எல்லாம் உடைந்தது. கண்ணாடியில் நெற்றியை வைத்து, பேசாலைக் கடற்கரைக்கே கேட்கிற மாதிரி, மாக்கிரட் மாக்கிரட் என்று குழறினான். அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு, கண்ணை மூடி, முழுவதையும் கேட்டார்.

"அருமை" என்றார் கடைசியில். "ஆனால் லண்டனில் இந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருவரை எடுத்துவிட்டார்களே."

நீக்கிலாஸ் திரும்பினான். வரிசையில் நின்றவர்கள், ஆளாளுக்குத் தங்கள் கடதாசிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொருவராக வந்து அவனுக்குக் கை கொடுத்துத் தலை குனிந்துவிட்டு, மறுபடியும் போய் வரிசையில் நின்றார்கள்.